எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொருளே சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக விற்பனைக்கு வரும் வீட்டு உபயோகச் சாதனங்களை அறிமுகம் செய்யும் பகுதியைத் தங்கள் நாளிதழில் விடாமல் படித்துவரும் வாசகன் நான். ஒவ்வொரு சாதனத்தின் கொள்ளளவு, மின்திறன், எடை, உத்தரவாதக் காலம் ஆகியவை அந்தப் பகுதியில் துல்லியமாகத் தரப்படுகின்றன. ஆனால், அது எதனால் செய்யப்பட்டது என்ற இடத்துக்கு வந்ததும் ‘உயர்தர பிளாஸ்டிக்’, ‘உறுதியான ஸ்டீல்’, ‘தோல் போன்ற மேலுறை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த மூலப்பொருள்’ என்ற அளவிலேயே எழுத்து நின்றுவிடுகிறது. இது தங்கள் செய்தியாளர்களின் குறை அன்று. தயாரிப்பு நிறுவனங்கள் தரும் குறிப்பிலேயே பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. பொருள் வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன், மூலப்பொருள்களை இனங்கண்டு வகைப்படுத்தும் முறையை மாணவர்களுக்குக் கற்பித்தும் வருபவன் என்ற முறையில், ஒரு பொருளின் ஒவ்வொரு பாகமும் எந்த மூலப்பொருளால் ஆனது என்பது அந்தப் பாகத்தின் மீதே குறிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் என்பது ஒரே மூலப்பொருள் அன்று. குணத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத பல மூலப்பொருள்கள் சேர்ந்த பெரிய குடும்பம் அது. மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே தளர்ந்துவிடும். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 90 முதல் 100 டிகிரி வரை விறைப்பாக நிற்கும். பாலிப்ரொப்பிலீன் உருகுவதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒட்டாத வாணலிகளில் பூசப்படும் டெஃப்லான் 327 டிகிரியில்தான் உருகும். ஒரே அச்சில், ஒரே நிறத்தில் வார்த்த இரண்டு கிண்ணங்களில் கொதிநீரை ஊற்றினால், ஒன்று அப்படியே இருக்க மற்றொன்று கோணிப்போவதற்கு இதுவே காரணம். இரண்டின் பெட்டியிலும் ‘உயர்தர பிளாஸ்டிக்’ என்றே அச்சிட்டிருந்தால், வாங்குபவர் எதைக் கொண்டு தீர்மானிப்பார்?

இந்தக் குடும்பத்துக்குள்ளேயே பள்ளிப் பாடநூல்கள் சொல்லித்தரும் முதல் பிரிவு, இளகும் பிளாஸ்டிக், இறுகும் பிளாஸ்டிக் என்பதாகும். முன்னது சூடேற்றும்போதெல்லாம் இளகி, ஆறும்போது இறுகும். ஆகவே அதை உருக்கி மீண்டும் வார்க்கலாம். பின்னது ஒருமுறை வார்ப்பில் இறுகிவிட்டால் அதன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிடுவதால் மறுபடி இளகாது. மேலும் சூடேற்றினால் கருகும். 1907-இல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பேக்கலைட் இவ்வகை. சமையல் பாத்திரங்களின் கறுத்த கைப்பிடி, மெலமைன் தட்டு, மின்சுற்றுப் பலகையில் உள்ள எப்பாக்சி ஆகியவையும் இவ்வகையே. பயன்படுத்துபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால், பழுது பார்ப்பவருக்கும் மறுசுழற்சி செய்பவருக்கும் முதலில் தெரிய வேண்டியது இதுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உலோகத்திலும் நிலைமை வேறன்று. துருப்பிடிக்காத எஃகின் தரத்தைக் காந்தத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது, ஒட்டினால் போலி என்கிறார்கள். இது தவறு. 304 என்ற தரத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. அதில் காந்தம் ஒட்டாது. நிக்கலின் அளவைக் குறைத்து, அந்த இடத்தை மாங்கனீசால் நிரப்பிய 202 என்ற தரத்திலும் காந்தம் ஒட்டாது; ஆனால் உப்பும் ஈரமும் சேரும் இடத்தில் அது 304 அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. மறுபுறம், நிக்கல் சேர்க்காத 430 என்ற தரம் காந்தத்தை நன்றாக ஈர்க்கும். அதிலும் 16 முதல் 18 விழுக்காடு வரை குரோமியம் இருப்பதால் அதுவும் துருப்பிடிக்காத எஃகே. தூண்டல் அடுப்புக்கான பாத்திரங்களின் அடிப்பாகத்தில் அதைத் தெரிந்தே வைக்கிறார்கள். இன்னும் ஒன்று: 304 தகட்டைக் குளிர்நிலையில் அழுத்தி ஆழமான பாத்திரமாக வடிக்கும்போது, அதிகம் வளைந்த மூலைகளில் உலோகத்தின் படிக அமைப்பு மாறுவதால், அந்த இடத்தில் மட்டும் காந்தம் லேசாக ஒட்டும். ஆக, ஒரே பாத்திரத்தின் நடுவில் ஒட்டாத காந்தம் மூலையில் ஒட்டக்கூடும். காந்தம் தருவது ஒரு தடயம் மட்டுமே. தீர்ப்பைத் தர வேண்டியது பாத்திரத்தின் அடியில் பொறிக்கப்பட்ட எண்.

மின்சாரக் கெண்டி ஒன்றைக் கழற்றி மேசைமேல் பரப்பிப் பார்த்தால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். வெளியுடல் துருப்பிடிக்காத எஃகு. மூடியும் கைப்பிடியும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். மூடியைச் சுற்றி நீராவி கசியாமல் காக்கும் வளையம் சிலிக்கோன் ரப்பர். மின்கம்பியின் உள்ளே செம்பு, மேலே பி.வி.சி. உறை. சூடேற்றும் குழாயை அறுத்துப் பார்த்தால் நடுவில் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருள் தெரியும். அதைச் சுற்றி வெண்மையான மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். வெப்பத்தைக் கடத்த வேண்டும், மின்சாரத்தைக் கடத்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் பீங்கான் வகைப் பொருள் அது. நீர் கொதித்ததும் கெண்டியைத் தானாக நிறுத்துவது, வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறிய வட்டத் தகடு. நீராவி பட்டதும் அது எதிர்ப்புறமாக மடங்கி மின்தொடர்பைத் துண்டிக்கிறது. ஒரு மேசையில் அடங்கிவிடும் இந்தப் பாகங்களில் உலோகம், இளகும் பிளாஸ்டிக், ரப்பர், பீங்கான் என்று வடிவமைப்பாளர் கையாளும் பெருங்குடும்பங்கள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தக் காரணத்தை அறியாமல் ரப்பர் வளையத்துக்குப் பதிலாக வேறொரு வளையத்தை மாட்டினால், புதிய வளையம் சில வாரங்களில் விறைத்து வெடித்துவிடலாம். கெண்டியின் பெட்டியிலோ ‘ஸ்டீல் மற்றும் பிளாஸ்டிக்’ என்ற விவரம் மட்டும் இருக்கும்.

குறியீடு இல்லாத பொருளை இனங்காண முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும், அந்தத் திறனை எல்லோரும் பெற வேண்டும் என்றே நினைக்கிறேன். முதல் சோதனை கைதான். உலோகம் தொட்டவுடன் குளிர்ச்சியாக இருப்பது அதன் வெப்பநிலை குறைவு என்பதால் அன்று. கையின் வெப்பத்தை அது விரைவாக வாங்கிக்கொள்வதால். அலுமினியத்தின் வெப்பங்கடத்தும் திறன் சாதாரண பிளாஸ்டிக்கைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எனவே குரோமிய முலாம் பூசிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குமிழ் கண்ணை எவ்வளவு ஏமாற்றினாலும் விரலை ஏமாற்றாது. அடுத்து விளிம்பைப் பார்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று எழும்பியிருந்தால் அது வார்க்கப்பட்டது என்று தெரியும். மேசைப் பலகையின் மேற்பரப்பில் ஓடும் மரத்தின் ரேகைகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ரேகையே இல்லாமல் நெருக்கமான பழுப்பு மாவு போலிருந்தால் மரநாரை அழுத்திச் செய்த பலகையின்மேல் மெல்லிய மரத்தோலோ அச்சிட்ட தாளோ ஒட்டப்பட்டது.

நான் மிகவும் நம்புவது எடையை. பளபளக்கும் கதவுக் கைப்பிடி ஒன்றைத் தராசில் நிறுத்தால் 198 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே நூலில் கட்டி நீருக்குள் முழுவதும் மூழ்கவிட்டு நிறுத்தால் 168 கிராம். குறைந்த 30 கிராம், அது வெளியேற்றிய நீரின் எடை. அதாவது கைப்பிடியின் கன அளவு 30 கன சென்டிமீட்டர். 198-ஐ 30-ஆல் வகுத்தால் அடர்த்தி 6.6. எஃகின் அடர்த்தி 7.85, பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5, அலுமினியம் 2.7. ஆகவே இந்தக் கைப்பிடி எஃகும் அன்று, பித்தளையும் அன்று. துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியம் கலந்து வார்த்து முலாம் பூசிய கலப்புலோகம். ஆர்க்கிமிடிஸ் காலத்திலிருந்து அறியப்பட்ட இந்த முறைக்கு ஒரு தராசும் ஒரு வாளி நீரும் போதும். துத்தநாக வார்ப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. நுணுக்கமான வடிவங்களை அதுபோல் மலிவாகத் தரக்கூடியது வேறில்லை. ஆனால் வளையும் முன் முறியக்கூடிய அந்த உலோகத்தை, எஃகு என்று எண்ணி முழு உடல் எடையையும் தாங்கும் இடத்தில் பொருத்தும்போதுதான் ஆபத்து வருகிறது.

பிளாஸ்டிக்குகளுக்கும் நீர் உதவும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை என்பதால் மிதக்கும், பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., நைலான், பாலிகார்பனேட், பி.வி.சி. ஆகியவை நுரையாக்கப்படாத திண்மநிலையில் மூழ்கும். எரித்துப் பார்த்துச் சுடரின் நிறத்தாலும் வாடையாலும் கண்டுபிடிக்கும் பழைய வழக்கத்தை மட்டும் தயவுசெய்து யாரும் வீட்டிலோ பட்டறையிலோ பின்பற்ற வேண்டாம். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகும். அது நுரையீரலை அரிக்கும் வாயு.

ஆயினும் இந்தக் கைத்திறன்கள் அனைத்தும் ஓர் எல்லையில் நின்றுவிடுகின்றன. அதற்கு ஒரே ஒரு சான்று: பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கால் ஆன தெளிந்த புட்டியும் தெளிந்த பி.வி.சி. புட்டியும். இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் நீர்த்தொட்டியில் இரண்டுமே மூழ்கிவிடும். பழகிய கண், புட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்கும். பெட் புட்டியின் அடியில் நடுவே ஒரு சிறு புள்ளி எழும்பியிருக்கும், பி.வி.சி. புட்டியின் அடியில் ஒரு கோடு ஓடும். புட்டி நசுங்கித் துண்டாகிவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், பி.வி.சி.யோ அதற்கு வெகு முன்பே சிதையத் தொடங்கி அமில வாயுவை விடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்து, முழு உருகலையும் மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும். மிகச் சிறிய அளவு பி.வி.சி. கலந்தாலே இது நிகழும். தரம் பிரிப்பவரின் கவனத்தை மட்டும் நம்பி ஒரு தொழிலையே நடத்த முடியாது. கறுப்பு நிற பிளாஸ்டிக்கில் சிக்கல் இன்னும் கூடுதல்: அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், தரம் பிரிக்கும் எந்திரங்களாலேயே அதை அடையாளம் காண முடிவதில்லை.

வகைப்படுத்தும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்காக வகைப்படுத்துகிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் வகைப்பாடே குழப்பத்தை உண்டாக்கும். பால்சா மரம் தாவரவியல்படி வன்மரப் பிரிவில் வருகிறது. ஆனால் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். எளிதில் உடையும் தெளிவான குறுந்தகட்டுப் பெட்டியும் வெள்ளைத் தெர்மோகோலும் வேதியியல்படி ஒரே பாலிஸ்டைரீன்தான்; ஆனால் வடிவமைப்பாளருக்கு அவை இரண்டும் வேறு வேறு மூலப்பொருள்கள், ஏனெனில் தெர்மோகோலின் கன அளவில் பெரும்பகுதி காற்று. இன்று மிகப் பெரிய குழப்பம் ‘உயிரி பிளாஸ்டிக்’ என்ற வகையில் நிகழ்கிறது. தாவரத்திலிருந்து பெறப்பட்டது என்பது பிறப்பைப் பற்றிய செய்தி. மக்கும் என்பது இறப்பைப் பற்றிய செய்தி. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கவே கூடாது. கரும்பிலிருந்து செய்த பாலிஎத்திலீன், எண்ணெயிலிருந்து செய்த பாலிஎத்திலீனைப் போலவே மக்காமல் கிடக்கும். பெட்ரோலியத்திலிருந்தே செய்யப்படும் சில பாலியெஸ்டர்கள் உர ஆலையில் மக்கிவிடும். பாலிலாக்டிக் அமிலம் மக்குவதற்கும் சுமார் 60 டிகிரி வெப்பமுள்ள தொழிற்சாலை உரக்குவியல் தேவைப்படுகிறது. கடலில் வீசினால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று மட்டும் எழுதுவது இந்த உண்மைகள் எதையும் வாசகருக்குச் சொல்லாது.

குறியிடும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1 முதல் 7 வரையிலான எண்களை அம்பு முக்கோணத்துக்குள் இடும் முறையைக் கொண்டுவந்தது. தரம் பிரிப்பவர்களுக்காக ஏற்பட்ட அந்தக் குறியை, மறுசுழற்சி செய்யத்தக்கது என்ற உறுதிமொழியாக மக்கள் எடுத்துக்கொண்டதால், 2013-இல் அதன் தரநிலையில் அம்புகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணம் வந்தது. ஆயினும் பழைய அம்புகள் இன்னும் பரவலாகப் புழங்குகின்றன. அந்த முறையின் பெரிய ஓட்டை 7 என்ற எண். பாலிகார்பனேட், நைலான், ஏ.பி.எஸ்., பாலிலாக்டிக் அமிலம் என்று மற்ற ஆறில் அடங்காத அனைத்தும் அதற்குள் போய்விடுகின்றன. சாதனங்களின் உடலும் உட்பாகங்களும் பெரும்பாலும் இந்த எஞ்சிய வகைகளில்தான் வருகின்றன என்பதால், பொருள் வடிவமைப்புக்கு அந்த எண் வரிசை போதாது.

போதுமான முறை ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 11469 என்ற பன்னாட்டுத் தரநிலை, பிளாஸ்டிக் பாகத்தின் மீதே அதன் சுருக்கப் பெயரை இரு கோணக் குறிகளுக்கு நடுவே பொறிக்கச் சொல்கிறது. ‘பி.ஏ.66-ஜி.எஃப்.30’ என்று இருந்தால், நைலான் 66-உடன் எடையில் 30 விழுக்காடு கண்ணாடியிழை சேர்ந்தது என்று பொருள். பழுதுபார்ப்பவர் ஒரு பற்சக்கரத்தை மாற்றும்போது, அந்த ஒரு வரி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்: விறைப்பு எவ்வளவு தேவை, எந்த வகைப் பசை பிடிக்காது, வெறும் நைலான் துண்டை வைத்தால் ஏன் தேயும் என்பது வரை. அச்சைச் செதுக்கும்போதே இந்த எழுத்துகளையும் சேர்த்துச் செதுக்கிவிட்டால், அதன்பின் வார்க்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிச் செலவு கிடையாது. இவ்வளவு எளிதான ஒன்று விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. பன்னாட்டுத் தரநிலை தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. அரசுகள் சட்டத்தில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும்.

தொழில் இரகசியம் வெளியாகிவிடும் என்ற எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். கேட்கப்படுவது செய்முறை அன்று. குடும்பமும் தரமும் மட்டுமே. அதையும் ஓர் ஆய்வகம் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியால் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும். போட்டி நிறுவனத்துக்கு அந்தக் கருவி எட்டும். வாங்குபவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் எட்டாது. ஆடைத் தொழில் இந்த வாதத்தை எப்போதோ கடந்துவிட்டது. 1958-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறையும் ஆடையில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்று குறிக்கச் செய்தன. அதனால் அந்தத் தொழில் நின்றுவிடவில்லை. மின்வாகனங்களின் மின்கலங்களுக்கு 2027 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணு விவரச் சீட்டைக் கட்டாயமாக்குகிறது. மின்கலத்துக்கு இயலுமானால் கெண்டிக்கும் நாற்காலிக்கும் இயலும்.

வடிவமைப்புக் கல்வியிலும் ஒரு மாற்றம் வேண்டும். மூலப்பொருளின் பெயரையும் பண்புகளையும் அட்டவணையிலிருந்து மனப்பாடம் செய்யும் மாணவர்கள், பெயர் எழுதாத ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் திகைத்துவிடுகிறார்கள். பெயர் மறைத்த மாதிரிகளை நிறுத்து, மிதக்கவிட்டு, வளைத்து, கீறி, ‘இது என்ன, எந்தத் தடயத்தால் சொல்கிறாய், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்’ என்று கேட்கும் செய்முறைத் தேர்வு ஒன்று ஒவ்வொரு வடிவமைப்புப் பள்ளியிலும் இருக்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. தன் ஊகத்தின் எல்லையை அறிந்த மாணவரே, தான் வடிவமைக்கும் பாகத்தில் குறியீட்டை மறக்காமல் பொறிப்பார்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சாதனங்களை அறிமுகம் செய்யும் பகுதியில் கொள்ளளவுக்கும் மின்திறனுக்கும் பக்கத்தில் மூலப்பொருளுக்கு என்று ஒரு வரி ஒதுக்குங்கள். உணவோ நீரோ படும் பாகம் எது, சூடாகும் பாகம் எது, எடையைத் தாங்கும் பாகம் எது என்ற மூன்றுக்கு மட்டுமாவது சரியான பெயரையும் தரத்தையும் நிறுவனத்திடம் கேட்டு வெளியிடுங்கள். ‘பிளாஸ்டிக்’ என்பதற்குப் பதிலாக ‘பாலிப்ரொப்பிலீன்’ என்றும், ‘ஸ்டீல்’ என்பதற்குப் பதிலாக ‘துருப்பிடிக்காத எஃகு, 304 தரம்’ என்றும் எழுதினால் வாசகர்கள் விரைவிலேயே பழகிக்கொள்வார்கள். நிறுவனம் சொல்ல மறுத்தால், ‘மூலப்பொருள் விவரம் கேட்கப்பட்டது, தரப்படவில்லை’ என்று அந்த வரியிலேயே அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பொருள் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்